கிரகட்டோவா: நான்கு மணி நேரம் பயணம் செய்த ஓசை

மனிதர்கள் கேட்டுப் பதிவு செய்த ஒலிகளிலேயே மிகப் பெரியது எது என்றும், 1883-இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த ஓசை உலகை ஏழு முறை சுற்றி வந்ததாகவும் அதன் அளவு 310 டெசிபெல் என்றும் பகிரப்படும் செய்தி உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வெடிப்பின் ஓசை 4,800 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு தீவில் மனிதக் காதுக்குக் கேட்டது என்பது உண்மை. ஏழு முறை என்பது பாதி உண்மை. ஏனெனில் உலகைச் சுற்றியது காதுக்குக் கேட்கும் ஓசை அன்று, அதனோடு புறப்பட்ட காற்றழுத்த அலை. 310 டெசிபெல் என்பது உண்மையாக இருக்கவே முடியாத எண். ஆனால் இந்த மூன்று விடைகளோடு நின்றுவிட்டால், இந்நிகழ்வின் உண்மையான வியப்பு நமக்குக் கிட்டாமல் போய்விடும். என்ன நடக்கிறது என்றே அறியாமல் உலகெங்கும் மனிதர்களும் கருவிகளும் தத்தம் வேலையைச் செய்தபடி எழுதி வைத்த சிறு சிறு குறிப்புகள் ஒன்று சேர்ந்தபோதுதான் அந்த ஓசையின் முழு உருவம் தெரியவந்தது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கிரகட்டோவா, ஜாவா எனப்படும் சாவகத் தீவுக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையில் இருந்த ஓர் எரிமலைத் தீவு. இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்த அந்தப் பகுதி அன்று டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ரகாட்டா, டானான், பெர்புவாத்தான் என்னும் மூன்று சிகரங்கள் அத்தீவில் இருந்தன. 1883 மே 20 அன்று அது புகையத் தொடங்கியபோது யாரும் பெரிதாக அஞ்சவில்லை. இன்று ஜகார்த்தா எனப்படும் படாவியாவிலிருந்து ஒரு நீராவிக் கப்பலில் மக்கள் வேடிக்கை பார்க்கவே சென்று வந்தார்கள். ஆகஸ்டு 26, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நிலைமை மாறியது. இரவு முழுவதும் வெடிப்புகள் தொடர்ந்தன. மறுநாள் திங்கட்கிழமை காலை நிகழ்ந்த நான்கு பெருவெடிப்புகளுள், ஏறத்தாழ 10 மணி 2 நிமிடத்திற்கு நிகழ்ந்ததுதான் நாம் பேசும் ஓசை. தீவின் மூன்றில் இரு பங்கு மறைந்துபோனது.

அந்த ஓசையைப் பற்றிப் பேசும்போது அதன் விலையை முதலில் சொல்லிவிட வேண்டும். டச்சு அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 36,417 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, கடல். வெடிப்பினால் எழுந்த ஆழிப்பேரலை சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, சாவகத்தின் மேற்குக் கரையையும் சுமத்திராவின் தென்கரையையும் துடைத்தெடுத்தது. 165 ஊர்கள் அழிந்தன. தெலுக் பெத்துங் துறைமுகத்தில் நின்ற பெரோ என்னும் டச்சுப் போர்க்கப்பலை அலை தூக்கிச் சென்று, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஆற்றுப் பள்ளத்தில் கிடத்தியது. கப்பலில் இருந்த 28 பேரும் மாண்டனர். அஞ்ஞேர் கடற்கரையில் இருந்த கலங்கரை விளக்கம் அடிப்பகுதி மட்டும் எஞ்ச உடைந்தது. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி ஓசைக்கு வருவோம். கிரகட்டோவாவிலிருந்து 64 கிலோமீட்டர் தொலைவில் நின்ற நோர்ஹாம் காசில் என்னும் பிரிட்டிஷ் கப்பலில், மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் செவிப்பறை கிழிந்துவிட்டதாகக் கப்பல் தலைவர் குறித்து வைத்தார். இறுதித் தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்றே தாம் நம்புவதாகவும், தம் கடைசி நினைவு மனைவியைப் பற்றியது என்றும் அவர் எழுதினார். அருகில் இருந்தவர்களுக்கு அது பேரழிவு என்பதில் ஐயமே இல்லை. தொலைவில் இருந்தவர்களின் நிலைதான் வேறு. அவர்கள் எல்லோரும், ஊர் வேறு மொழி வேறாயினும், ஒரே தவற்றைச் செய்தார்கள்: அதைப் பீரங்கி ஓசை என்று எண்ணினார்கள். சுமத்திராவின் வடமுனையில் உள்ள ஆச்சேயில், ஒரு கோட்டை தாக்கப்படுகிறது என்று கருதிப் படைவீரர்கள் ஆயுதம் தரித்து நின்றனர். சிங்கப்பூரில், கடலில் ஏதோ கப்பல் ஆபத்தில் சிக்கி உதவி கேட்டு வெடி வெடிக்கிறது என்று நம்பி, இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பித் தேடினார்கள். அந்தமானின் போர்ட் பிளேரிலும், இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள தியேகோ கார்சியாவிலும் அதே எண்ணம்தான் தோன்றியது. இலங்கையிலும், ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும்கூட ஓசை கேட்டதாகப் பதிவுகள் உள்ளன.

இவை எல்லாவற்றிலும் தொலைவானது ரொட்ரிக்ஸ் தீவு. மொரீசியசைச் சேர்ந்த இச்சிறு தீவில் அப்போது காவல்துறைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் வாலிஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே மழையும் சூறைக்காற்றுமாக இருந்தது. இரவில் பல முறை, கிழக்குத் திசையிலிருந்து, தொலைவில் பெரும் பீரங்கிகள் முழங்குவதைப் போன்ற ஓசை வந்ததென்றும், அது இடைவெளி விட்டு மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை தொடர்ந்ததென்றும் அவர் தம் அறிக்கையில் எழுதினார். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ரொட்ரிக்சுக்கும் கிரகட்டோவாவுக்கும் இடைப்பட்ட தொலைவு அதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒலியின் வேகத்தில் அதைக் கடக்கக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். அதாவது வாலிஸ் ஓர் ஓசையைக் கேட்ட நேரத்தில், அதை எழுப்பிய வெடிப்பு நிகழ்ந்து நான்கு மணி நேரம் கடந்திருந்தது. அவர் கேட்டது எது என்பது அவருக்கே தெரியாது. கடமையுணர்ச்சி உள்ள ஓர் அதிகாரி, வழக்கத்துக்கு மாறான ஒன்றைத் திசையோடும் நேரத்தோடும் குறித்து வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறிப்பு இல்லையென்றால் இந்தக் கேள்வியை இன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவ்வளவு தூரம் ஓர் ஓசை எப்படிச் செல்லும்? இதற்கான விடையின் ஒரு பகுதியை நாம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறோம். பக்கத்தில் விழும் இடி படீரென்று வெடிக்கிறது. தொலைவில் இடிப்பது உறுமலாக மட்டுமே வருகிறது. இடி எங்கும் ஒன்றுதான். வழியில் காற்று அதன் உயர் அதிர்வெண்களை உறிஞ்சிவிட்டு, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் நம்மிடம் விட்டுவைக்கிறது. அதிர்வெண் இரு மடங்கானால் காற்றில் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கிரகட்டோவா எழுப்பிய ஒலியின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் கொண்டது. அதில் கணிசமான பகுதி மனிதக் காதின் எல்லைக்கே கீழே இருந்தது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்று எளிதில் விழுங்குவதில்லை. தொலைவில் கேட்ட எல்லோரும் பீரங்கி என்றே சொன்னதற்கும் இதுவே காரணம். வெடிப்பின் கூர்மையெல்லாம் வழியிலேயே தேய்ந்து, அடிநாதம் மட்டுமே அவர்களைச் சென்றடைந்தது.

மறுபகுதி, ஒலி வளைந்து செல்வது. மார்கழி அதிகாலையில் அடுத்த ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி நம் வீட்டு வாசலில் பாடுவதைப் போல் தெளிவாகக் கேட்கும். அதே ஒலிபெருக்கி சித்திரை நண்பகலில் பாதித் தூரம்கூட வந்து சேராது. அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. நண்பகலில் தரை சுடும்போது இதற்கு நேர்மாறாக ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இதே செயல் பெரிய அளவில் வளிமண்டலம் முழுவதிலும் நிகழ்கிறது. தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் குளிர் கூடினாலும், ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மேல், ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் வெப்பம் மறுபடியும் உயர்கிறது. அந்த வெம்மையான அடுக்கை எட்டும் ஒலி அங்கிருந்து திரும்பி வளைந்து, வெகு தொலைவில் தரையைத் தொடுகிறது; தரையில் பட்டு மேலெழுந்து, மீண்டும் வளைந்து இறங்குகிறது. இடையிலுள்ள ஊர்களின் தலைக்கு மேலே ஒலி கடந்து போய்விடுவதால், பெரிய வெடிப்புகளின்போது அருகிலுள்ள ஊரில் எதுவும் கேட்காமல், அதைவிடத் தொலைவிலுள்ள ஊரில் கேட்பதும் உண்டு. காற்றின் திசைக்கும் இதில் பங்குண்டு. கிரகட்டோவாவின் மேல்வானில் அப்போது காற்று கிழக்கிலிருந்து மேற்காக வலுவாக வீசியது என்பது பின்னர் அதன் புகை சென்ற வழியாலேயே தெரிந்தது. ஓசை மேற்கே ரொட்ரிக்ஸ் வரை எட்டியதில் அதற்கும் இடமுண்டு என்று கருதுகிறேன்.

டெசிபெல் கணக்கைத் தெளிவுபடுத்துவது அவசியம், ஏனெனில் தவறான எண் மிக வேகமாகப் பரவுகிறது. ஒலி என்பது காற்றழுத்தம் கூடிக் குறைந்து கூடுவதுதான். வளிமண்டல அழுத்தமே ஓர் எல்லை: அழுத்தம் குறையும் பாதியில் அது சுழியத்திற்குக் கீழே போக முடியாது. அந்த எல்லை ஏறத்தாழ 194 டெசிபெல். அதற்கு மேல் சென்றால் அது நாம் அறிந்த ஒலியாக இராது; காற்றையே தள்ளிக்கொண்டு செல்லும் அதிர்ச்சி அலையாகிவிடும். டெசிபெல் மடக்கை அளவை என்பதால் ஒவ்வொரு 20 டெசிபெலுக்கும் அழுத்தம் பத்து மடங்காகிறது. அப்படிப் பார்த்தால் 310 டெசிபெல் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் லட்சக்கணக்கான மடங்கு. எந்த எரிமலையும் காற்றில் அதைச் செய்ய இயலாது.

உண்மையில் நமக்குக் கிடைத்துள்ள அளவு வேறொன்று. அதை அளந்தது விஞ்ஞானிகள் அல்லர் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி. கிரகட்டோவாவிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், படாவியா நகரின் தெருவிளக்குகளுக்கு எரிவாயு வழங்கும் நிலையத்தில் இருந்த ஓர் அழுத்தமானி, அந்தத் திங்கட்கிழமை காலை திடீரென்று இரண்டரை அங்குலப் பாதரச அளவுக்கு மேல் எகிறிக் குதித்தது. அது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை ஒலியளவாக மாற்றினால் 172 டெசிபெலை ஒட்டி வருகிறது. சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதைவிடத் தொலைவில் நின்றவர்களை அடைந்த ஓசையின் அளவு இது என்று எண்ணிப் பார்த்தால் போதும், எண்ணை மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

இனி, ஏழு முறை என்னும் கதை. காதுக்குக் கேட்கும் ஓசை ரொட்ரிக்சோடு தேய்ந்து நின்றது. ஆனால் அதனோடு புறப்பட்ட அழுத்த அலை நிற்கவில்லை. தரையிலிருந்து மேல்வானம் வரை காற்று முழுவதையும் ஒரே தூணாக அசைத்துக்கொண்டு, மணிக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் வேகத்தில் அது எல்லாத் திசைகளிலும் பரவியது. நீரில் கல் எறிந்தால் வட்டம் விரிகிறது. ஆனால் உலகம் உருண்டை என்பதால் இந்த வட்டம் பாதி உலகைக் கடந்ததும் சுருங்கத் தொடங்கி, கிரகட்டோவாவுக்கு நேர் எதிரே, தென்னமெரிக்காவில் இன்றைய கொலம்பியாவின் பொகோட்டாவுக்கு அருகே ஒரு புள்ளியில் குவிந்து, அங்கிருந்து மறுபடியும் விரிந்து திரும்பியது. அந்நாளில் பல வானிலை நிலையங்களில் அழுத்தத்தைத் தாமாகவே வரைந்துகொண்டிருந்த கருவிகள் இருந்தன. அவற்றின் காகிதச் சுருள்களில் ஒரு சிறு துள்ளல், ஒன்றரை நாள் சுற்றுக்கொரு தடவை வந்துகொண்டே இருந்தது. போகும் அலை நான்கு முறை, திரும்பும் அலை மூன்று முறை என ஏழு முறை, ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு அந்தத் துள்ளல் பதிவாயிற்று. ஏழு முறை கடந்தது என்பது சரி. ஏழு முறை சுற்றியது என்பது தவறு. மூன்றரைச் சுற்று என்பதே பொருத்தமான கணக்கு.

லண்டனில் வானிலை அலுவலகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்காட் இந்தத் துள்ளல்களைக் கவனித்து வெளியிட்டார்; ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி அவற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, அவை கிரகட்டோவாவிலிருந்தே கிளம்பின என்று காட்டினார். அதன்பின் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி ஒரு குழு அமைத்து, கப்பல் நாட்குறிப்புகள், காவல் அறிக்கைகள், துறைமுகப் பதிவுகள், தனிமனிதர்களின் கடிதங்கள் என உலகெங்கிலுமிருந்து திரட்டியது. ஜி. ஜே. சைமன்ஸ் தொகுத்த அந்தப் பேரறிக்கை 1888-இல் வெளிவந்தது. ஓசை கேட்ட பரப்பு பூமியின் மேற்பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு என்பது அதில்தான் கணக்கிடப்பட்டது.

கடல் அலைக்கும் இதே போன்றதொரு தவறான கதை உண்டு. கிரகட்டோவாவின் சுனாமி ஆங்கிலக் கால்வாய் வரை சென்றது என்பார்கள். அங்குள்ள கடல்மட்ட அளவிகளில் சிறு அசைவு பதிவானது உண்மையே. ஆனால் அது வந்து சேர்ந்த நேரம், கடல்வழியே வரும் அலைக்கு வாய்க்க முடியாத அளவு முந்தியது. காற்றில் சென்ற அழுத்த அலையே அந்தக் கடலை அங்கேயே அசைத்தது என்பதை 1960-களில் பிரேங்க் பிரெஸ்ஸும் டேவிட் ஹார்க்ரைடரும் கணக்கிட்டு விளக்கினார்கள். நம் கரைக்கு வந்ததோ உண்மையான கடலலைதான். இந்திய நில அளவைத் துறைக்காக மேஜர் பேர்டு என்பவர் அமைத்திருந்த கடல்மட்ட அளவிகளில், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆகஸ்டு 27 அன்று ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு பதிவாகியுள்ளது. அது கரையில் நின்றவர்களைக் கொல்லும் அளவுக்குப் பெரிதன்று. ஆயினும் நாகப்பட்டினம் என்னும் பெயரை அந்தப் பட்டியலில் படிக்கும்போது, 121 ஆண்டுகளுக்குப் பின் அதே கரைக்கு வந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சென்னைக்கு ஓசை வரவில்லை, வேறொன்று வந்தது. 1883 செப்டம்பர் 9-ஐ ஒட்டிய நாட்களில், சென்னையிலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் இலங்கையிலும், உதயத்திலும் மறைவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை வான்காட்சியகத்தின் நார்மன் போக்சன் அதைப் பதிவு செய்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவரும், பிற்காலத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவியவருமான மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை, நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார். சென்னைக்கும் கிரகட்டோவாவுக்கும் இடையே நேர்வழி 3,500 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் புகை நேர்வழியில் வரவில்லை. மேல்வானக் கிழக்குக் காற்றில் ஏறி, ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தென்னமெரிக்காவையும் பசிபிக்கையும் கடந்து, ஏறத்தாழ பதின்மூன்று நாட்களில் உலகைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதே கணக்கில், செப்டம்பர் 22-ஐ ஒட்டி இரண்டாம் முறையும் சூரியன் நிறம் மாறியது. ஏறக்குறைய ஒரே பருமன் கொண்ட மிக நுண்ணிய துகள்கள் வானில் நிறைந்திருந்தால், அவை நீலத்தைவிடச் சிவப்பொளியை அதிகமாகச் சிதறடித்துவிடும். நம்மை வந்தடையும் ஒளியில் பச்சையும் நீலமும் மிஞ்சும். ஓசை ஒரு பகலில் அடங்கியது, அழுத்த அலை ஐந்து நாட்களில் அடங்கியது. இந்தத் தூசியும் கந்தகத் துளிகளும் மட்டும் மேல்வானில் தங்கி, அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தி வானத்தைச் செந்தழலாக்கின. அமெரிக்காவில் சில ஊர்களில் தீப்பற்றிவிட்டது என்று எண்ணித் தீயணைப்பு வண்டிகளையே அழைத்தார்கள்.

பெரிய எரிமலைதான் பெரிய ஓசை எழுப்பும் என்பதும் இல்லை. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவில் வெடித்த தம்போரா எரிமலை, வெளியேற்றிய பொருளின் அளவில் கிரகட்டோவாவைப் போல் பல மடங்கு பெரியது. ஆயினும் அதன் ஓசை கேட்டதாகப் பதிவுள்ள தொலைவு 2,600 கிலோமீட்டரே. அங்கும் மக்கள் பீரங்கி என்றே நினைத்தார்கள். சாவகத்தில் படைகளையே கிளப்பினார்கள். ஓசையின் வலிமை, எவ்வளவு வெளியேறியது என்பதைவிட எவ்வளவு திடீரென்று வெளியேறியது என்பதைப் பொறுத்தது.

மிகத் தொலைவில் கேட்ட ஓசை என்னும் கிரகட்டோவாவின் முதலிடம் 138 ஆண்டுகள் நிலைத்தது. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக்கில் டோங்கா நாட்டின் கடலடி எரிமலையான உங்கா டோங்கா வெடித்தபோது, ஓசை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் அலாஸ்காவில் மனிதக் காதுக்குக் கேட்டது. அணு ஆயுதச் சோதனைகளைக் கண்காணிக்க உலகெங்கும் நிறுவப்பட்டுள்ள தாழொலி நிலையங்கள் 53-உம் அதன் அழுத்த அலையைப் பதிவு செய்தன. இந்தியாவின் காற்றழுத்தமானிகளிலும் அந்தத் துள்ளல் தெரிந்தது. போகும் அலை நான்கு முறையும் திரும்பும் அலை மூன்று முறையும் கடந்ததாக ஆய்வாளர்கள் அப்போதும் கண்டார்கள். 1883-இல் மை தோய்ந்த எழுதுகோல்கள் காகிதச் சுருளில் வரைந்து வைத்த அதே எண்ணிக்கை அது.